வரிசை தப்பிய மலை

பல் டாக்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் வாய்விட்டுச் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று காது கொடுக்க மாட்டார். கடைவாயில் எந்தப் பல் ஆட்டம் கண்டிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். கல்யாணப் போட்டோவிலேயே மாப்பிள்ளை மணப்பெண்ணின் கண்ணைப் பார்க்காமல் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அவருடைய மாமனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அப்படிப்பட்டவருக்கு, மனைவியின் பல்லைப் பார்த்துப் பல நாளாகிவிட்டது என்று ஒருநாள் சாப்பிடும்போது சட்டென்று உறைத்தது. அவள் தட்டில் இருப்பதைக் கிளறிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒரு மலை வரிசையில நிக்க மாட்டேங்குது," என்றாள்.

அவள் கடல் ஆய்வு நிலையத்தில் பாறைகளைப் படிப்பவள். போன வருடம் கப்பலில் போய், நடுக்கடலில் மூழ்கிக் கிடக்கும் செத்துப்போன எரிமலைகளின் சரிவில் இரும்புச் சங்கிலி வலையை இழுத்து, கற்களைப் பிய்த்துக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி. ஒரு மலைக்கு ஒரு பை, ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு என்று கட்டிக்கொண்டு வந்த கற்களில் சிலவற்றை வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு வயது பார்க்க அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்ததிலிருந்துதான் அவள் முகம் இப்படி.

"மலை எதுக்கு வரிசையில நிக்கணும்? என்ன, ரேஷன் கடையா?" என்றார் டாக்டர்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கேட்கிற ஆள் கிடைத்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தையல் மெஷின் பாத்திருக்கீங்கல்ல? ஊசி இருந்த இடத்துலயே குத்திக்கிட்டிருக்கும். துணிதான் நகரும். அது மாதிரி பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல ஒரு சூடான இடம். அது அங்கயே இருக்கும். அதுக்கு மேல கடல்தரை நகருது. நகம் வளர்ற வேகம்தான், அதுக்கு மேல இல்ல. நெருப்புக் குழம்பு தரையைப் பொத்துக்கிட்டு வந்து ஒரு மலை எழும்பும். தரை அந்த மலையை மெல்லத் தூக்கிட்டுப் போயிடும். அதோட அதுக்கு நெருப்பு கட். அந்த இடத்துக்கு அடுத்த மலை வரும்."

"அப்ப கடைசித் தையல் ஊசிகிட்ட இருக்கும். முதல் தையல் தூரத்துல இருக்கும்."

"அதேதான். தூரம் போகப் போக வயசு ஏறிக்கிட்டே போகணும். போகுது. நடுவுல இருக்கற மொட்டை மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்கல."

"மொட்டையா?"

"கப்பல்ல நாங்க வச்ச பேரு. உச்சி தட்டையா, மழிச்ச மாதிரி இருக்கும். ஒரு காலத்துல அது தண்ணிக்கு மேல தீவா நின்னிருக்குங்க. அலை அடிச்சு அடிச்சே தலையைச் சீவிடுச்சு. அப்புறம் தரை ஆறிப்போய், கனத்துப்போய், மலையோட சேந்து கீழ எறங்கிடுச்சு. இப்ப அதோட உச்சிக்கு மேல ஒன்றரை கிலோமீட்டர் தண்ணி."

டாக்டர் கையில் எடுத்த கரண்டியை அப்படியே வைத்திருந்தார். மனிதர்களின் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவி மட்டமாக்குவதுதான் அவர் பிழைப்பு. ஒரு தீவையே ராவித் தள்ள அலைக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தார், பிடிபடவில்லை.

"மொட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கற மலைக்கெல்லாம் மூணு கோடி வருஷத்தை ஒட்டி வயசு வருது. மொட்டைக்கு ஒரு கோடிதான்னு வந்திருக்கு. வரிசையோட கடைசியில இருக்கற சின்னப் பிள்ளைங்க வயசு."

"சோதனை பண்ணவங்க தப்பு பண்ணியிருப்பாங்க."

"ரெண்டு தடவை பண்ணிட்டாங்க. அதே வயசுதான். எங்க நிலையத்து இயக்குநர் என்ன சொல்றார்னா, கப்பல்ல பை மாறிப்போச்சாம். கடைசி மலையோட கல்லு மொட்டையோட பைக்குள்ள போயிடுச்சாம். மொட்டையை மட்டும் அறிக்கையிலேருந்து எடுத்துடலாம்னு நல்லவிதமாத்தான் சொல்றார்."

"மாறியிருக்குமா?"

அவள் மேஜையில் சிந்தியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் தள்ளினாள். அதுதான் விஷயம் என்று டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அன்னிக்குக் கடல் ஒரு ஆட்டம் ஆடிச்சு. வலை பாறையில மாட்டி, பாதிக்கு மேல கிழிஞ்சு வந்துது. ஏழெட்டுக் கல்லுதான் தேறிச்சு. எனக்கு வாந்தி. ஈரக் கையோட, கண்ணு சொருகிக்கிட்டு, நான்தான் சீட்டைக் கட்டினேன். மாத்தலன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியலங்க. மாத்தினேன்னு தெரிஞ்சாக்கூடப் போதும், ஒத்துக்கிட்டு வேற வேலையைப் பாப்பேன். ரெண்டும் தெரியாமதான் மண்டை காயுது."

அந்தப் பையிலிருந்து வேறு கல் மிச்சம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். மற்றதெல்லாம் இரண்டு சோதனைக்கும் பொடியாகிப் போயிருக்க, ஒன்றே ஒன்று இருந்தது. எப்போதோ உடைந்து உருண்டு, சுற்றிலும் கரிய பட்டை படிந்துபோன கல். உள்ளே எல்லாம் இற்றுப்போயிருக்கும், வயது பார்க்க லாயக்கில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை அறுத்துப் பார்க்க இயக்குநருக்கு மனசில்லை. அந்த மலையிலிருந்து மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அறுத்துவிட்டு உள்ளே வெறும் மக்கல் என்றால் அதுவும் போச்சு. சின்னதாக ஒரு துளை போட்டுப் பார்த்து, நல்ல பாறை தெரிந்தால் அறுக்கலாம் என்றார். துளை போடுகிற குட்டி டிரில் ரிப்பேருக்குப் போய் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"குட்டி டிரில்லுதானே வேணும்?" என்று டாக்டர் வாயைக் கொடுத்தார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை பறிபோய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவமனைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, கல்லை நாற்காலியில் கிடத்தினார்கள். தேங்காய் அளவு கல். நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, நோயாளியின் கழுத்தில் கட்டும் காகிதத் துணியை அதன் அடியில் விரித்து, தலைக்கு மேலே விளக்கைத் திருப்பினார் டாக்டர். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வலிச்சா கையைத் தூக்குங்க," என்றார்.

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் தெரிந்தன. சொத்தை இல்லை.

கரிய பட்டையை விரல் நகத்தால் தட்டினார். "இது என்ன, புகை பிடிக்கிறவன் பல்லு மாதிரி காறை கட்டியிருக்கு?"

"காறையேதான்னு வச்சுக்குங்க. கடல் தண்ணியில கரைஞ்சிருக்கற மாங்கனீசும் இரும்பும் பாறை மேல படியறது. பத்து லட்சம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் சேரும். சில இடத்துல அதுகூட சேராது. தண்ணியில மூழ்கிச் சும்மா கிடக்கற பாறை மேலதான் படியும்."

காற்றழுத்தத்தில் சுழலும் வைர முனை கீச்சென்று கத்தத் தொடங்கியது. அதே நேரம் வெளிக்கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

மாமனார் நின்றிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்த மனிதர். ஆனால் மாப்பிள்ளையின் நாற்காலியில் மட்டும் இதுவரை உட்கார்ந்ததில்லை. வீடு பூட்டியிருந்ததால் இங்கே வந்ததாகச் சொன்னார். வலது கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்ததை டாக்டர் கவனிக்காமல் இல்லை.

"என்ன மாமா, பல்லு வலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை யாருக்கு டிரில் ஓடுது? ரொம்ப அவசரமான ஆளா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தவர், விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து கிடந்த நோயாளியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

விஷயத்தை மகள் சொல்லி முடிக்கும் வரை சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெற்ற அப்பா மட்டும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

"நீ மாத்திக் கட்டினியா, இல்லியா?"

"தெரியலப்பா."

"சரி, அப்ப ஓட்டுங்க மாப்பிள்ளை," என்றார்.

பட்டை நகத்தளவு கனம்தான் இருந்தது. கறுப்புத் தூள் தண்ணீரில் கரைந்து காகிதத் துணியில் மை கொட்டியதுபோல் ஓடியது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பாறை. இற்றுப்போகாத, நல்ல இறுகிய பாறை. ஊசிமுனை அளவு பளபளப்புகள் விளக்கில் மின்னின. அங்கங்கே குட்டிக் குட்டி ஓட்டைகள் வெள்ளையாக அடைத்திருந்தன.

"இதுக்கு முன்னாடியே யாரோ ஃபில்லிங் பண்ணியிருக்காங்க," என்றார் டாக்டர்.

"குழம்பா இருந்தப்போ உள்ள இருந்த காத்துக் குமிழி. அப்புறம் தண்ணி புகுந்து சுண்ணாம்பு அடைச்சுடுச்சு. அதை விட்டுட்டு, நல்ல இடமாப் பாத்துப் போங்க. நல்ல பாறை இருக்குங்க! இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

முனை தேய்ந்து போக, இரண்டாவது முனையை மாட்டினார். துளையை அகலப்படுத்திக்கொண்டே இறங்கினார். மாமனார் தன்னையும் அறியாமல் ஸ்டூலை இழுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். ஒரு விரல் பருமன் ஆழம் போனதும் டாக்டர் காலை மிதியிலிருந்து எடுத்தார்.

"என்ன ஆச்சு?"

"சத்தம் மாறுது. உள்ள ஏதோ மெத்துனு இருக்கு." மறுபடி மிதித்தார். சாம்பல் நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், மறுபடி கறுப்பு வழிந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்ததில் தலைகள் முட்டிக்கொண்டன.

"இங்க எப்படி வந்துது அது?" என்றார் மாமனார். "அது வெளியில இருக்கறதுன்னு சொன்னியே?"

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு துளைக்குள் பார்த்தாள். மூச்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வார்த்தையை அளந்துதான் விட்டாள்.

"அவசரப்படக் கூடாது. பாறையில விரிசல் இருந்தா அது வழியாவும் இது உள்ள புகுந்துடும். அது சும்மா கசிவு. இன்னொரு இடத்துல போடுங்க. ஒரு விரல் தள்ளி."

ஒரு விரல் தள்ளிப் போட்டார். அதே ஆழத்தில் அதே கறுப்பு. கல்லின் மறு ஓரத்தில் போட்டார். அங்கேயும்.

"விரிசல் இவ்வளவு ஒழுங்கா படுக்கை போட்ட மாதிரி போகுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"போகாது," என்றாள். பிறகு, "போகாதுன்னு நினைக்கறேன்," என்று திருத்திக்கொண்டாள். கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அப்பா கொடுத்த டீயை ஆறவிட்டாள்.

மாமனார் மெல்ல எழுந்து, காலியான நாற்காலியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "கல்லே சத்தம் போடாம படுத்திருந்துது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். "வலது பக்கம், கீழ்க் கடைசி. சீக்கிரம் பாருங்க மாப்பிள்ளை, மனசு மாறிடும்."

மறுநாள் டாக்டர் ஒரு பள்ளி ஆசிரியையின் வாயில் அச்சு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்ததால், உதவிக்கு இருந்த நர்ஸ் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பிடித்தாள்.

"ஏங்க, அறுத்தாச்சு!" மனைவியின் குரல் அறையை நிறைத்தது. பின்னால் ரம்பம் ஓடி அடங்குகிற சத்தம். "இயக்குநரே பக்கத்துல நின்னு அறுக்கச் சொன்னார். கேக்கறீங்களா?"

"சொல்லு, சொல்லு."

"அடியில ஒரு பாறை. அது மேல கறுப்புப் பட்டை, ரெண்டு விரல் கனம்! உத்துப் பாத்தா உள்ள வரி வரியா இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணா மேல்நோக்கி வளந்திருக்கு. அது மேல நாம துளை போட்ட பாறை. அந்த மேல் பாறை பட்டையைத் தொடற இடத்துல, நூல் மாதிரி ஒரு கண்ணாடி விளிம்பு. நெருப்புக் குழம்பு குளிர்ந்த எதையாவது தொட்டா அந்த நொடியே கண்ணாடியா உறைஞ்சுடும். அப்படின்னா என்ன அர்த்தம்? பட்டை முதல்ல இருந்திருக்கு. குழம்பு அப்புறம் அது மேல ஓடியிருக்கு!"

வாய் நிறைய அச்சு மாவுடன் இருந்த ஆசிரியை கண்ணை அகல விரித்து, "ஆ... ஆ?" என்றாள். என்ன அர்த்தம் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

"அப்படின்னா?" என்று டாக்டர் இருவருக்கும் சேர்த்துக் கேட்டார்.

"மொட்டை ஒரு தடவை எரிஞ்சு, அடங்கி, தலையை அலை சீவி, கடலுக்குள்ள எறங்கி, கரும்பட்டை பிடிக்கற அளவுக்குக் கோடிக்கணக்கான வருஷம் தூங்கியிருக்கு. அப்புறம் எதுக்கோ எழுந்து மறுபடியும் எரிஞ்சிருக்கு. நாங்க வயசு பாத்தது மேல இருந்த பாறைய. பை மாறல! ரெண்டு பாறையும் ஒரே கல்லுக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்கறப்போ யாரு எதை மாத்த முடியும்? கீழ்ப் பாறையோட வயசைப் பாக்கணும். அது மூணு கோடின்னு வந்துட்டா..." சொல்லி முடிக்காமல் போனை வைத்துவிட்டாள். யாரோ அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அச்சு கெட்டிப்பட்டு வெகு நேரமாகியிருந்தது. அதை எடுத்ததும் ஆசிரியை முதலில் கேட்டது தன் பல்லைப் பற்றி அல்ல. "டாக்டர், மூணு கோடி வரலைன்னா?"

அந்தக் கேள்வியோடுதான் அடுத்த சில மாதங்கள் கழிந்தன. கீழ்ப் பாறையிலிருந்து நல்ல பகுதியை மட்டும் பொடித்து, அமிலத்தில் கழுவி, பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு துகளாகப் பொறுக்கி, வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கே வரிசை நீளம். மாமனார் போனில் பேசும்போதெல்லாம் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை, கல்லைப் பற்றிப் பத்து வார்த்தை கேட்டார். ஆசிரியை பல் கட்ட வந்தபோதும், பல் கட்டி முடிந்த பிறகு எந்தக் காரணமும் இல்லாமல் ஒருமுறை எட்டிப் பார்த்தபோதும் விசாரித்தாள். டாக்டர் தூக்கத்தில்கூட மலையைப் பற்றிப் பேசினார் என்று மனைவி சொன்னாள், அவர் மறுத்தார்.

முடிவு வந்த அன்று அவள் போன் செய்யவில்லை. நேராக மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். காத்திருந்தவர்கள் நடுவில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவளை, டாக்டர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பல் தெரிந்தது.

"மூணு கோடி," என்றாள். "முன்னப் பின்ன கொஞ்சம். இந்தப் பக்கத்து மலைக்கும் அந்தப் பக்கத்து மலைக்கும் நடுவுல கச்சிதமா உக்காந்துக்கிச்சு. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கை கொடுத்தார். 'நான் அந்த மலையைத் தூக்கிப் போடப் பாத்தேனே'ன்னு அவரே சொல்லி அவரே தலையில அடிச்சுக்கிட்டார். 'நீங்க சந்தேகப்படலன்னா நான் இவ்வளவு தோண்டியிருக்கவே மாட்டேன்'னு அவர்கிட்டச் சொன்னேன். உண்மைதானே?"

அந்தச் சனிக்கிழமை டாக்டர் முதல்முறையாக அவளுடைய வேலை இடத்துக்குப் போனார். மாமனாரும் கூடவே கிளம்பிவிட்டார். நீளமான அறை, தரையிலிருந்து கூரை வரை இரும்புத் தட்டுகள், தட்டு நிறைய கற்கள். எதிர்ச் சுவரில் கடல்தரையின் வரைபடம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து வரைந்தது என்று அவள் சொன்னாள். ஆழம் நீலத்திலும், உயரம் மஞ்சளிலும் சிவப்பிலும். நீலத்தின் நடுவே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சில கூர்மையாக, சில இடிந்து ஒரு பக்கம் சரிந்து, ஒன்று நண்டு மாதிரி கால் பரப்பி.

"இதுதான் மொட்டையா?" மாமனார் விரலை வைத்தார். "நெருப்பு இருக்கற இடத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்துடுச்சு! அப்புறம் எங்கேருந்து கிடைச்சுது மறுபடி எரிய?"

"அதுதான்பா தெரியல. அடுத்தாப்ல புதுசா முளைச்ச மலையோட கனத்துல தரை வளைஞ்சு, இங்க விரிசல் விட்டு, மிச்சம் மீதி குழம்பு மேல வந்திருக்கலாம்னு இயக்குநர் சொல்றார். எனக்கு அது ஒத்துவரல. அதுக்கெல்லாம் ரொம்பக் காலம் கழிச்சுல்ல எழுந்திருக்கு. வேற ஏதோ இருக்கு."

"என்னவா இருக்கும்?"

"தெரியலயே," என்றாள். அன்று மருத்துவமனையில் அப்பாவிடம் சொன்ன 'தெரியல' வேறு, இது வேறு என்று டாக்டருக்குத் தோன்றியது. அன்று அந்த வார்த்தை அவளை உட்கார வைத்திருந்தது. இன்று கால் தரையில் நிற்கவில்லை.

அவர் வரைபடத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்த்தார். ஏதோ ஒன்று உறுத்தியது. "ஏம்மா, மத்த மலைக்கெல்லாம் எத்தனை கல்லுல வயசு பாத்தீங்க?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு மலைக்கு ஒண்ணு."

"ஒண்ணேதானா? நான் ஒருத்தர் வாயில ஒரு பல்லை மட்டும் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்கு போயிட்டு வாங்கன்னு சொன்னா விடுவாங்களா?"

"அதையேதான் நேத்து இயக்குநர்கிட்டக் கேட்டேன். மத்ததும் தூங்கி எழுந்திருக்குமோ என்னவோ, நாம மேல ஓடினதைப் பாத்தோமா அடியில இருந்ததைப் பாத்தோமான்னு யாருக்குத் தெரியும்னு. மனுஷனுக்குச் சாப்பாடே எறங்கலையாம். இன்னிக்குக் காலையில போன் பண்ணி, எல்லாப் பையையும் வெளியில எடுன்னு சொல்லிட்டார்."

"எல்லாத்தையுமா?" மாமனார் தட்டுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "எந்தத் தட்டு முதல்ல?"

அவள் நண்டு மலையின் பையைக் காட்டினாள். மாமனார் ஏணியைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஏறி அதை இறக்கினார். முடிச்சை அவிழ்த்ததும் உலர்ந்த சேற்று வாசனை வந்தது. உள்ளே கரிய பட்டை பிடித்த கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. டாக்டர் இருப்பதிலேயே அசிங்கமான ஒன்றை எடுத்து, விளக்கடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.